நம்பாத கப்பல்கள் சுமந்து வந்த ஆதாரம்

1966 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு கருத்தரங்கு. கடலின் அடித்தரை நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் விலகிக்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றித்தான் அங்கே பேச்செல்லாம். அமெரிக்கக் கடலாய்வாளர் மாரிஸ் யூயிங், பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் எட்வர்ட் புல்லார்டிடம் வந்து, "இந்தக் குப்பையையெல்லாம் நீ நம்பவில்லைதானே, டெடி?" என்று கேட்டாராம். புல்லார்டே பிற்பாடு எழுதிய சம்பவம் இது. கேட்டவர் குரலில் கொஞ்சம் கலக்கம் தெரிந்தது என்றும் சொல்லியிருக்கிறார்.

கலக்கத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் "குப்பை"யை நிலைநாட்டிய அளவீடுகளில் பெரும்பகுதி, யூயிங்கே 1949-இல் தொடங்கி நடத்திவந்த லாமான்ட் ஆய்வகத்தின் ஆட்கள் கடலில் திரட்டியவை. கண்டங்கள் நகர்கின்றன என்பதை ஏற்காத ஒருவர், உலகத்திலேயே அதிகமான கடல் தரவுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்த அவருடைய மாணவர்கள்தான் அவர் கட்சியைத் தோற்கடித்தார்கள்.

பள்ளிப் பாடத்தில் இந்தக் கதை நாலு வரியில் முடிந்துவிடும். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் கண்ட நகர்வைச் சொன்னார், யாரும் நம்பவில்லை, பிறகு ஹாரி ஹெஸ் கடல்தரை விரிவடைதலைச் சொன்னார், நிரூபணமாயிற்று. இதில் கப்பல்களுக்கு இடமே இல்லை. ஆனால் வெகனருக்கும் நிரூபணத்துக்கும் நடுவில் போன ஐம்பது சொச்சம் ஆண்டுகளை நிரப்பியது கப்பல்தான். அதிலும் வேடிக்கை, அந்தக் கப்பல்களில் அநேகமாக எதுவும் கடல்தரை விரிகிறதா என்று பார்க்கப் புறப்பட்டதல்ல.

முதலில் ஆழம் தெரிய வேண்டும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் சேலஞ்சர் கப்பலில் எடை கட்டிய கயிற்றைக் கீழே விட்டு, தரை தட்டியதும் எவ்வளவு நீளம் போனது என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரு தடவை இறக்கி ஏற்றவே மணிக்கணக்கில் ஆகும். நாலு வருடத்தில் ஆழ்கடலில் சுமார் 500 இடங்களில்தான் அளக்க முடிந்தது. அட்லாண்டிக்கின் நடுவில் தரை மேடிட்டிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் மலையும் பள்ளமும் எங்கே தெரியும்? 1925-27-இல் ஜெர்மனியின் மீட்டியார் கப்பல் கயிற்றை விட்டு ஒலிக்கு மாறியது. ஒலியை அனுப்பி எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் போதும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். 4,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 6 நொடி. தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து 67,000 அளவீடுகள் எடுத்தார்கள். நடுமேடு என்று நினைத்தது கரடுமுரடான மலைத்தொடர் என்று தெரிந்தது.

அதன்பின் உலகப் போர் வந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அஞ்சிய அமெரிக்கக் கடற்படைக்கு, கடலுக்கடியில் ஒலி எப்படிப் போகிறது, தரை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் உயிர் பிரச்சினையானது. போர் முடிந்த பிறகும் அந்தப் பயம் தீரவில்லை, எதிரி மட்டும் ரஷ்யாவாக மாறினான். 1950-களில் அமெரிக்கக் கடல் ஆய்வுக்குப் பணம் கொட்டியதற்கு இதுதான் காரணம். பூமியின் வரலாறு தெரிய வேண்டும் என்று யாரும் அந்த அளவுக்குச் செலவழித்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பணத்தில் ஓடியவற்றில் எனக்குப் பிடித்தது வீமா. 1923-இல் ஒரு அமெரிக்கப் பணக்காரருக்காக டென்மார்க்கில் கட்டப்பட்ட மூன்று பாய்மர உல்லாசப் படகு. நீளம் சுமார் 60 மீட்டர். கை மாறி, போர்க்காலத்தில் மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சீரழிந்து கிடந்ததை 1953-இல் யூயிங் ஆய்வகத்துக்கு வாங்கினார். சொகுசு என்று எதுவும் மிச்சமில்லை. 1954 ஜனவரியில் புயலில் தளத்தில் உருண்ட எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டப்போன யூயிங்கையும் அவருடைய தம்பியையும் இரண்டு கப்பல் அதிகாரிகளையும் ஒரே அலை வாரிக் கடலில் போட்டது. மூன்று பேரை மீட்டார்கள். ஒருவர் திரும்பவில்லை.

வீமாவில் யூயிங் வைத்த சட்டம் எளிமையானது. கப்பல் நகரும்போதெல்லாம் எல்லாக் கருவியும் ஓட வேண்டும். எதிரொலிக் கருவியின் ஊசி நாள் முழுக்க ஒரு காகிதச் சுருளில் தரையின் கோட்டை எரித்துக்கொண்டே வரும். பின்னால் நீண்ட கம்பியில் காந்தமானி இழுபடும். தினமும் ஒரு தடவையாவது கப்பலை நிறுத்தி, கனமான இரும்புக் குழாயைத் தரையில் குத்தி ஒரு தண்டு சேற்றை மேலே கொண்டுவர வேண்டும். ஏன் இந்த இடத்தில் எடுக்கிறோம் என்று கேட்டால் பதில், இன்றைக்குக் கப்பல் இங்கே இருக்கிறது என்பதுதான். அளந்தாலும் அளக்காவிட்டாலும் கப்பலுக்கு ஒருநாள் செலவு ஒருநாள் செலவுதானே. கேள்வி என்ன என்றே தெரியாத துறையில் இதைவிட நல்ல உத்தி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறிவியல் என்றால் கருதுகோளை முன்வைத்துச் சோதிப்பது என்று பாடம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் இது சங்கடமாக இருக்கலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஜிபிஎஸ் இல்லாத காலம். விடியலிலும் அந்தியிலும் நட்சத்திரத்தைப் பார்த்து இடத்தைக் குறிப்பார்கள். நடுவில் வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசக் கணக்கு. மேகம் மூடினால் அதுவும் போச்சு. ஆகவே ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு வெட்டும் இடத்தில் ஆழங்கள் ஒத்துப்போகாமல் சில கிலோமீட்டர் தள்ளி நிற்பது சகஜம். இந்தத் தரவுகளைத்தான் கரையில் உட்கார்ந்து ஒருவர் வரைபடமாக்க வேண்டியிருந்தது.

அவர் மேரி தார்ப். பெண்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் அவருடைய கூட்டாளி புரூஸ் ஹீசன் கடலுக்குப் போனார், தார்ப் மேசையில் இருந்தார். 1952-53-இல் வட அட்லாண்டிக்கைக் கடந்த ஆறு பயணக் கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தபோது, மலைத்தொடரின் உச்சியில் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பள்ளம் விழுந்தது. மலைகள் கோட்டுக்குக் கோடு பொருந்தவில்லை. அந்தப் பள்ளம் மட்டும் பொருந்தியது. தரை அங்கே பிளவுபட்டிருக்கிறது என்றார் தார்ப். ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். கண்ட நகர்வை நினைவுபடுத்துகிறது என்பதே அவருக்கு ஒவ்வாமல் இருந்தது. அதே அறையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர், கடலடித் தந்திக் கம்பிகள் எங்கே அறுபடும் என்று பார்ப்பதற்காக நிலநடுக்க மையங்களைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு படமும் ஒரே அளவுகோலில் இருந்தன. அடியில் விளக்குப் போட்ட மேசையில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தபோது நிலநடுக்கங்கள் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வரிசையாக விழுந்தன. இனி கோடு வரையாத கடலிலும் நிலநடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு மலைத்தொடரைத் தேடலாம். அப்படித்தான் 60,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரே மலைத்தொடர் பூமியைச் சுற்றி வருகிறது என்று 1956-இல் யூயிங்கும் ஹீசனும் அறிவித்தார்கள். ஆழத்தின் துல்லியமான எண்களைக் கடற்படை ரகசியமாக வைத்திருந்ததால், தார்ப் எண்களைத் தவிர்த்து மலைகளை ஓவியம்போல் வரைந்தார். ரகசியச் சட்டத்தால் பிறந்த அந்தப் படங்கள்தான் பின்னால் உலகம் முழுதும் சுவர்களில் தொங்கின. தார்ப் ஆய்வுக் கப்பலில் ஏறியது 1968-இல்தான்.

இன்னும் சில உறுத்தல்களும் சேர்ந்துகொண்டே வந்தன. கடல் பூமியளவுக்குப் பழையது என்றால் அடியில் வண்டல் பல கிலோமீட்டர் படிந்திருக்க வேண்டும். வெடி வைத்து அதிர்வை அளந்து பார்த்ததில் சில நூறு மீட்டர்தான் இருந்தது. மலைத்தொடரின் உச்சியில் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பமோ சுற்றிலும் இருப்பதைவிட அதிகம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹெஸ் இவற்றையெல்லாம் கோத்து 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சேறியது 1962-இல். ஹெஸ்ஸும் கப்பல்காரர்தான். போரின்போது பசிபிக்கில் துருப்புகளை இறக்கும் கேப் ஜான்சன் கப்பலுக்குத் தலைவராக இருந்தவர், எதிரொலிக் கருவியை அணைக்காமல் ஓட்டித் தட்டை உச்சி கொண்ட கடலடி மலைகளைக் கண்டுபிடித்திருந்தார். மலைத்தொடரின் நடுவில் புதுப் பாறை உருவாகிறது, பழையது இருபுறமும் தள்ளப்பட்டுக் கடைசியில் ஆழ்கடல் அகழிகளில் பூமிக்குள் இறங்குகிறது என்பது அவர் சொன்னது. தன் எழுத்தைப் புவிக்கவிதை என்று அவரே அழைத்துக்கொண்டார். 1961-இல் ராபர்ட் டீட்ஸ் அதற்குக் கடல்தரை விரிவு என்ற பெயரை வைத்தார். கவிதைக்குச் சாட்சி வேண்டுமே.

சாட்சி ஏற்கெனவே கையில் இருந்தது, யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. 1955-இல் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் பயனீர் என்ற அரசுக் கப்பல் கடற்படைக்காக ஆழம் அளக்கப் புறப்பட்டது. சுமார் 8 கிலோமீட்டர் இடைவெளியில், வயலில் ஏர் ஓட்டுவதுபோலப் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். போகிற கப்பலின் பின்னால் ஒரு காந்தமானியையும் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டவர் ரொனால்ட் மேசன், லண்டனிலிருந்து கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தவர். கடற்படை சம்மதித்தது. ஆழக் கணக்கு ரகசியம். காந்தக் கணக்கை யார் கேட்கப் போகிறார்கள்?

கப்பல் இரும்பு என்பதால் காந்தமானியை அதற்கு வெகு பின்னால், தண்ணீரில் இழுத்துவர வேண்டும். அடியில் இருக்கும் எரிமலைப் பாறையின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தோடு சேர்ந்தால் அளவு கூடும், எதிர்த்தால் குறையும். வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். மேசனும் ஆர்தர் ராஃபும் 1961-இல் வெளியிட்ட வரைபடத்தில் கூடுதலைக் கறுப்பாகவும் குறைவை வெள்ளையாகவும் தீட்டியபோது, கடல்தரை முழுக்க வடக்கு தெற்காக நீண்ட பட்டைகள். நிலத்தில் எங்கும் எந்தப் பாறையிலும் அப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை. இது என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த கப்பல் நம் பக்கத்தில் வந்தது. சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வு நடந்துகொண்டிருந்த நேரம். அந்த முயற்சியில் இந்தியக் கடற்படையின் கிஸ்ட்னா கப்பலும் பங்கெடுத்தது. இன்று கோவாவில் இருக்கும் தேசியக் கடலாய்வு நிறுவனம் 1966-இல் அமைந்ததே அதன் தொடர்ச்சியாகத்தான். 1962 இறுதியில் பிரிட்டனின் ஓவன் கப்பல் அரபிக்கடலில், ஏறத்தாழ 5 டிகிரி வட அட்சத்தில், கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் உச்சியை ஒரு சிறு சதுரம்போல எடுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக அளந்தது. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் ஓடும் மலைத்தொடர் இது. கேம்பிரிட்ஜின் டிரம்மண்ட் மேத்யூஸ் அந்தப் பயணத்தில் இருந்தார். அவர் கொண்டுவந்த காந்த அளவுகள், ஆராய்ச்சி மாணவர் ஃபிரெட் வைன் கைக்குப் போயின.

வைன் முதலில் பார்த்தது பட்டைகளை அல்ல, அந்தச் சதுரத்துக்குள் இருந்த இரண்டு கடலடி எரிமலைகளை. அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த கணினியில் கணக்குப் போட்டதில், ஒன்றின் காந்தம் இன்றைய வடக்கு நோக்கியும் இன்னொன்றின் காந்தம் நேர் எதிராகவும் இருந்தால்தான் அளவுகள் சரிவந்தன. அருகருகே இருக்கும் இரண்டு மலைகள், ஒன்று தலைகீழ். பூமியின் காந்தப்புலமே அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரள்கிறது என்று 1906-இல் பிரான்சின் பெர்னார் பிரூன் எரிமலைக் குழம்பில் கண்டதிலிருந்து சந்தேகம் இருந்துவந்தது. 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஆலன் காக்ஸ், ரிச்சர்ட் டோயல், பிரென்ட் டால்ரிம்பிள் மூவரும் நிலத்து எரிமலைப் பாறைகளின் வயதைக் கணித்து, எந்தக் காலத்தில் புலம் எந்தத் திசையில் இருந்தது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதையும் ஹெஸ்ஸையும் சேர்த்துவைத்தார் வைன். நடுவில் உருகி எழும் பாறை ஆறும்போது அன்றைய காந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டு பக்கமும் விலகும். புலம் புரண்டால் அடுத்து எழுவது எதிர்த்திசையைப் பிடிக்கும். அப்படியானால் பட்டை விழத்தான் வேண்டும். மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் இருக்கும் வரிசை அந்தப் பக்கமும் இருக்க வேண்டும்.

1963 செப்டம்பர் 7-இல் நேச்சர் இதழில் வைன்-மேத்யூஸ் கட்டுரை வந்தது. பெரிய அசைவில்லை. அதே ஆண்டு இதே யோசனையைக் கனடாவின் லாரன்ஸ் மார்லி இரண்டு இதழ்களுக்கு அனுப்பி இரண்டிலும் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். விருந்துகளில் அரட்டையடிக்கத்தான் லாயக்கு என்ற ரீதியில் ஒரு மதிப்பீட்டாளர் எழுதினாராம். வைனுக்கு இருந்த ஒரே கூடுதல் பலம் ஓவனின் புதிய தரவு. அதுவும் சாதகமான தரவு இல்லை. கார்ல்ஸ்பெர்க் மெதுவாக விரியும் மலைத்தொடர், ஒரு பக்கத்துக்கு ஆண்டுக்கு 1 முதல் 1.5 சென்டிமீட்டர். மெதுவாக விரிந்தால் பட்டைகள் நெருக்கியடித்துக்கொள்ளும், கரடுமுரடான தரை அவற்றைக் குழப்பும். இடவலம் ஒத்திருக்கிறதா என்று அடித்துச் சொல்ல முடியாது. லாமான்ட்டில் பலர் அதைத்தான் சுட்டிக்காட்டினார்கள், நியாயமாகவே.

விடை அண்டார்டிகாவுக்கு அருகில் கிடந்தது. எல்டானின், பனிக்கடலுக்கென்று உடல் உறுதியாக்கப்பட்ட சரக்குக் கப்பல், தென்கடல் ஆய்வுக்காக மாற்றப்பட்டது. அதன் காந்தமானியை லாமான்ட் கவனித்துக்கொண்டது. பசிபிக்-அண்டார்டிக் மலைத்தொடரைக் கடந்த பயணங்களின் தரவை வால்டர் பிட்மன் என்ற மாணவர் 1965 கடைசியில் கணினியில் ஏற்றி வரைந்தார். 19-ஆவது பயணத்தின் கோடு வந்ததும் அதை அப்படியே இடவலம் திருப்பி, அசலின்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். மேடுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் பொருந்தியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு! அங்கே விரிவின் வேகம் ஒரு பக்கத்துக்கு ஆண்டுக்கு 4.5 சென்டிமீட்டர், பட்டைகள் அகலமாக, தரை வழுவழுப்பாக, எல்லாம் பளிச்சென்று. காக்ஸ் குழுவின் காலப்பட்டியலோடு ஒப்பிட்டால் அதுவும் வரிசையாகப் பொருந்தியது. ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுக்கு முன் புலம் சிறிது காலம் இன்றைய திசைக்கு வந்து மீண்டும் புரண்டதை காக்ஸ் குழு நியூ மெக்சிகோவின் பாறையில் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தது. எல்டானின் கோட்டில் அந்தச் சிறு மேடு, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அதே கட்டடத்தில் நீல் ஆப்டைக், தென்கடலில் எடுத்த சேற்றுத் தண்டுகளில் காந்தத் திசையை மேலிருந்து கீழாக அளந்துகொண்டிருந்தார். அவருக்கும் அதே வரிசை கிடைத்தது. எரிமலைப் பாறை, கடல்தரையின் கிடைப்பட்டை, சேற்றின் செங்குத்து அடுக்கு, மூன்றும் ஒன்றையே சொன்னால் மறுப்பதற்கு என்ன மிச்சம்? லாமான்ட்டின் மூத்தவர் ஒருவர் பிட்மனின் கோட்டைப் பார்த்து, இது அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கிறது, அதனாலேயே நம்பமுடியாது என்றாராம். வாதம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கட்டுரை 1966 டிசம்பரில் சயன்ஸ் இதழில் வந்தது. அதன்பின் லாமான்ட் தலைகீழாக மாறியது. பல ஆண்டுகளாக வீமாவும் மற்றக் கப்பல்களும் கொண்டுவந்து அடுக்கிய சுருள்களைப் பிரித்து, அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் என்று எல்லா இடத்திலும் அதே பட்டைகளைக் காட்டினார்கள். 1968-இல் ஜேம்ஸ் ஹர்ட்ஸ்லரும் கூட்டாளிகளும், வீமா தென் அட்லாண்டிக்கில் எடுத்த ஒரு கோட்டை அளவுகோலாக வைத்து, சுமார் 8 கோடி ஆண்டுகளுக்குக் காந்தப் புரள்வுகளின் தேதிப் பட்டியலே போட்டுவிட்டார்கள். நிலத்துப் பாறைகளின் வயது தெரிந்ததோ சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குத்தான். மீதியெல்லாம் விரிவு ஒரே வேகத்தில் நடந்தது என்று வைத்துக்கொண்டு நீட்டிய கணக்கு. அசட்டுத் துணிச்சல் என்றுதான் அன்று பலருக்குப் பட்டிருக்கும்.

இந்த முறை மட்டும் ஒரு கப்பல் கேள்வியோடு போனது. குளோமர் சேலஞ்சர், 122 மீட்டர் நீளம், நடுவில் எண்ணெய்க் கிணற்றுக்கு வைப்பதுபோன்ற துளையிடும் கோபுரம். அத்தனை ஆழத்தில் நங்கூரம் போட முடியாது. தரையில் ஓர் ஒலிக்கருவியைப் போட்டுவிட்டு, அதன் சத்தம் கப்பலின் அடியில் உள்ள கேட்பான்களுக்கு எந்தெந்த நேரத்தில் வருகிறது என்று கணினி பார்த்து, பக்கவாட்டு விசிறிகளை இயக்கிக் கப்பலை அதே இடத்தில் நிறுத்தும். 1968 டிசம்பரில் செனகலின் டக்காரிலிருந்து கிளம்பி, தென் அட்லாண்டிக்கில் மலைத்தொடரின் இரு பக்கமும் வரிசையாகத் துளையிட்டது. வண்டலைத் தாண்டி எரிமலைப் பாறையைத் தொட்டதும், அதன்மேல் ஒட்டியிருக்கும் முதல் படிவில் உள்ள நுண்ணுயிர்ப் படிமங்களைக் கப்பலிலேயே உருப்பெருக்கியில் பார்த்து வயது சொன்னார்கள். உச்சிக்கு அருகில் இளசு, தள்ளிப் போகப் போகக் கிழடு, 6 கோடி ஆண்டைத் தாண்டி. தூரத்தையும் வயதையும் வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு, ஒரு பக்கத்துக்கு ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர். ஹர்ட்ஸ்லரின் துணிச்சல் கணக்கு பலித்தது. நம்பாமல் கப்பலேறிய கென்னத் ஷூ என்ற புவியியலாளர் மனம் மாறித்தான் இறங்கினார், அதை எழுதியும் வைத்தார்.

கடல்தரை எங்கும் சுமார் 18 கோடி ஆண்டைத் தாண்டாது, கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பாறை கிடைக்கிறது என்ற விசித்திரத்துக்கும் இதில் விடை கிடைத்தது. பழைய கடல்தரையெல்லாம் அகழிகளில் உள்ளே போய்விடுகிறது. வண்டல் ஏன் மெலிசு என்ற பழைய உறுத்தலும் அத்தோடு தீர்ந்தது.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கணக்கு 1971-இல் வந்தது. டான் மெக்கன்சியும் ஜான் ஸ்கிளேட்டரும் இந்தியப் பெருங்கடலில் பல நாட்டுக் கப்பல்கள் எடுத்த காந்தக் கோடுகளைச் சேர்த்து, பட்டைகளைப் பின்னோக்கி ஒன்றோடொன்று மூடிப் பார்த்தார்கள். தெற்கே அண்டார்டிகாவுக்கு அருகில் இருந்த இந்தியா வடக்கே வந்த வழி அதில் தெரிந்தது. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஓட்டம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல். இன்றைய எந்தக் கண்டமும் அந்த வேகத்தில் போகவில்லை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதத் தொடங்கிய பிறகு வேகம் விழுந்ததும் பட்டைகளின் அகலத்தில் பதிவாகியிருக்கிறது. இன்று ஜிபிஎஸ் காட்டுவது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்.

செயற்கைக்கோள்கள் வந்த பிறகு கப்பலின் வேலை முடிந்ததா என்றால் இல்லை. கடல்மட்டத்தின் நுண்ணிய மேடுபள்ளத்தை வைத்து அவை அடியில் இருக்கும் பெரிய மலைகளைக் காட்டிவிடும். சில கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் தெரியாது. 2024 நடுவில் உலகக் கடல்தரையில் 26 சதவிகிதம்தான் நேரடியாக அளந்து முடிந்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கியை சாகர் நிதி கப்பலிலிருந்து இறக்கி, இந்தியப் பெருங்கடலின் தெற்கே மலைத்தொடரில் 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் கக்கும் ஊற்று ஒன்றைப் படமெடுத்தார்கள். விரியும் இடத்தில் கீழிறங்கும் கடல்நீர், சூடான பாறையைத் தொட்டு உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அந்த உலோகங்களுக்காகவும்தான் இப்போது கப்பல்கள் அங்கே போகின்றன.